மூன்றாவது கியர்

“கவுத்துடாதீங்க! உள்ள எண்ணெய் இருக்கு!”

சாப்பாட்டு மேசையின் இரு பக்கமும் குனிந்து நின்ற மகனும் கொழுந்தனும் அப்படியே நின்றுவிட்டார்கள். பழைய போர்வை சுற்றிய கியர்பாக்ஸ் அவர்கள் கையில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அவள் முன்னறையிலிருந்து ஓடி வந்து அடியில் கை கொடுத்து நிமிர்த்தினாள்.

“நீ போய் அப்பா பக்கத்துல உக்காரும்மா. இதை நாங்க பாத்துக்கறோம்” என்றான் மகன்.

“என்னத்தப் பாத்துப்ப? இதுல முன்பக்கம் எது, பின்பக்கம் எதுன்னு சொல்லு பாப்போம்.”

அவள் புருஷனின் உயிர் விடிகிற நேரத்தில் போயிருந்தது. ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள், நாற்காலி போட இடம் வேண்டும். கியர் பெட்டியைத் தன் தையல் அறைக்குக் கொண்டுபோய்த் துணி வெட்டும் மேசைமேல் வைக்கச் சொன்னாள். கொழுந்தன் மூச்சு வாங்கிக்கொண்டே, “அண்ணனவிட இது கனமா இருக்கு அண்ணி” என்றான். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவளுக்குக் கோபம் வரவில்லை. கடைசி வாரங்களில் அவரைத் தூக்கி உட்கார வைத்தவள் அவள்தான். அவன் சொன்னது உண்மை.

மழை தொடங்கிய வாரத்தில் அந்தப் பெட்டி வீட்டுக்குள் நுழைந்தது. மெக்கானிக்கான அவள் புருஷன் ஊரில் உள்ள கார்களையெல்லாம் பழுது பார்த்தாலும், சொந்தமென்று சேர்த்துவைத்தது ஒன்றுதான். இரண்டே பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார். அதன் உடம்பு பெயிண்டரிடம் தோலுரிந்து கிடக்க, கியர்பாக்ஸை இவர் பல் பல்லாகப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, மறுபடி பூட்டினார். கார் வரும்வரை அதைப் பத்திரமாக வைக்க வேண்டும். ஷெட்டில் ஈரம், பேரிங் துருப்பிடிக்கும் என்று சாப்பாட்டு மேசையில் ஏற்றிவிட்டார். வழக்கத்துக்கு மேலே கழுத்து வரைக்கும் எண்ணெய் ஊற்றி, ஓட்டைகளையெல்லாம் ரப்பர் மூடியால் அடைத்தார். வாராவாரம் முன்பக்கத் தண்டைக் கையால் சுற்றிவிடுவார், உள்ளே மேலே இருக்கும் பல்சக்கரங்கள் எண்ணெய் இல்லாமல் காயக்கூடாதாம். வீட்டு மனிதர்கள் அடுப்படியில் தட்டைக் கையில் ஏந்தி நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

“புது மருமக வந்திருந்தாகூட இவ்வளவு உபசாரம் நடந்திருக்காது” என்று அவள் குத்திக்காட்டாத நாள் கிடையாது.

“மருமக எதிர்த்துப் பேசுவா. இது பேசாது” என்பார் அவர்.

இப்போது அவர் முன்னறையில் கிடந்தார். பக்கத்து வீட்டுக்காரி அவர் கையைத் தொட்டுப் பார்த்து, “எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க” என்றாள். இவளுக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நகக்கண்ணில் கறுப்பு இல்லாமல் அந்தக் கையை அவள் பார்த்ததில்லை. படுக்கையில் கிடந்து கிடந்து வெளுத்துப்போயிருந்தது. யாரோ அலுவலகத்துக்காரரின் கை மாதிரி இருந்தது.

உட்கார்ந்தாள். எழுந்தாள். தண்ணீர் கொடுத்தார்களா என்று பார்க்கப் போனாள். போனது எதற்கென்று மறந்து திரும்பினாள். “ஒரு இடத்துல உக்காரேன்” என்று யார் யாரோ சொன்னார்கள். கால் நின்றால்தானே?

நேற்றுச் சாயங்காலம் நடந்தது அவளை உட்கார விடவில்லை. அவர் திடீரென்று கண்ணைத் திறந்து, “மூணு உக்காரல” என்றார். வலது கை போர்வைமேல் எதையோ பிடித்து முன்னே தள்ளியது. மறுபடி, “மூணாவது உக்காரலடி.” மகன் வீட்டுக்கு வந்திருந்த நர்ஸிடம், “நினைவு தப்பிடுச்சு, ரொம்ப அலட்டிக்கிறாரு” என்றான். நர்ஸ் ஊசி எடுத்தாள். இவளும் அவர் நெற்றியைத் தடவி, குழந்தைக்குச் சொல்வதுபோல, “எல்லாம் நல்லா உக்காந்தாச்சு. நீங்க தூங்குங்க” என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். வேலை தெரியாமல் பேச வந்த ஆளைப் பார்ப்பாரே, அதே பார்வை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்புறம் அவர் யாரிடமும் பேசவில்லை.

நினைவு தப்பித்தான் பேசினார் என்றால் சரி, மனசு ஆறிவிடும். தெளிவாக இருந்துதான் சொன்னார் என்றால்? அத்தனை வருஷம் கூட இருந்துவிட்டு, அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தையை அவளே வாயைப் பொத்தி அனுப்பியதாக ஆகிவிடும்.

அவரைக் கொண்டுபோகும் வண்டி வர இன்னும் நேரம் இருந்தது. தையல் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

போர்வையை விலக்கினாள். கியர் ராடு அதன் இடத்திலேயே செருகியிருந்தது. இடது கையால் முன்பக்கத் தண்டை மெல்லச் சுற்றிக்கொண்டு, வலது கையால் ராடைத் தள்ளினாள். ஒன்று. டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு. டக். நடுவுக்கு இழுத்து மூன்றுக்குத் தள்ளினாள்.

சத்தமே இல்லை. மாவுக்குள் விரலை விட்டதுபோல ராடு போனது. கையை எடுத்ததும் தொளதொளவென்று நழுவியது. நாலும் அப்படித்தான்.

“உக்காரலயே” என்றாள் வாய்விட்டு. அழுகை வந்தது. காலையிலிருந்து வராத அழுகை.

மேல்மூடியின் ஓரத்தில் மூன்று போல்ட்டுகள் வரிசையாக இருந்தன. அவளுக்கு அவற்றைத் தெரியும். ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது என்று கடைசியாக அவற்றை அவர் கழற்றியபோது டார்ச் பிடித்தவள் அவள்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் கீழே ஒரு ஸ்பிரிங், அதற்கும் கீழே கொண்டைக்கடலை அளவில் ஓர் இரும்புக் குண்டு. அந்தக் குண்டு பள்ளத்தில் விழுந்தால்தான் கியர் நழுவாமல் நிற்கும். அன்றைக்கு கடைசியாக நடு போல்ட்டை முடுக்கும்போதே அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. “நாளைக்குப் போட்டுப் பாத்துக்கலாம், வாங்க” என்று டார்ச்சை அணைத்து இழுத்துக்கொண்டு போனாள். மறுநாள் அவர் எழுந்திருக்கவில்லை.

மூணுக்கும் நாலுக்கும் சேர்த்து இருப்பது நடு போல்ட், அதைக் கழற்ற வேண்டும். ஸ்பேனர்கள் ஷெட்டில் இருந்தன. பின்கதவு வழியாகப் போனாள். எடுக்கும்போது பக்கத்தில் கிரீஸ் டப்பா கண்ணில் பட்டது. சின்னச் சாமான்களை மேசையில் வைத்தால் உருண்டு ஓடும் என்று, கழற்றியதையெல்லாம் கிரீஸுக்குள் அமுக்கி வைப்பது அவர் பழக்கம். அதையும் கையோடு எடுத்து வந்தாள்.

போல்ட் வந்தது. ஸ்பிரிங் வந்தது. கீழே குண்டு இல்லை.

டப்பாவுக்குள் விரலை விட்டுத் துழாவினாள். அடியில், சேலைக்குள் தொலைந்த ஊசிபோல, கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது.

ஊசியில் நூல் கோக்கும் கை. குண்டை விரல் நுனியில் ஒட்டிக் குழிக்குள் இறக்கினாள், மேலே ஸ்பிரிங்கை வைத்தாள், போல்ட்டை முடுக்கினாள். வெளியே மகன் கதவைத் தட்டினான்.

“அம்மா! உள்ள என்னம்மா பண்ற? வண்டி வந்துடுச்சு.”

“வரேன்டா. கத்தாத.”

தண்டைச் சுற்றினாள். ராடைத் தள்ளினாள்.

டக்.

இழுத்துப் பார்த்தாள், நழுவவில்லை. நாலுக்கு இழுத்தாள். டக். மறுபடி மூன்றில் போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போர்வையை மூடினாள்.

கதவைத் திறந்ததும் மகன் கிரீஸ் அப்பிக் கறுத்திருந்த அவள் கையைப் பார்த்துத் திகைத்தான். “என்னம்மா இது? கையக் கழுவிட்டு வா, எல்லாரும் நிக்கறாங்க.”

“அப்பாவுக்கு நேத்து நினைவெல்லாம் நல்லாத்தான்டா இருந்துச்சு” என்றாள்.

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் அவனைத் தாண்டி முன்னறைக்குப் போனாள். ஆட்கள் வழிவிட்டார்கள். தலைமாட்டில் முட்டி போட்டு, அவர் காதுகிட்டே குனிந்தாள்.

“மூணு உக்காந்துருச்சுங்க. நீங்க சொன்னதுதான் சரி.”

அவர் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். கொழுந்தன், “அண்ணி, நேரமாகுது” என்றான். பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணி கொண்டுவந்து அவர் விரல்களைத் துடைக்கக் குனிந்தாள்.

“வேணாம், விடுங்க” என்றாள் அவள்.

தூக்கினார்கள். வாசல் வெளிச்சத்தில் அந்தக் கை ஒருமுறை துணிக்கு வெளியே தெரிந்தது. நகக்கண்ணில் கறுப்பு ஏறியிருந்தது.