கடைக்குட்டிக்கே அடுப்பு

அன்று கூடாரத்துக்குள் இருந்தவர்கள்:

யஞ்ஜிமா. தாய். படுக்கையைவிட்டு எழ முடியாதவள்.
லுப்சன். அவளுடைய கடைசிப் பிள்ளை. அடுப்புக்குச் சொந்தக்காரன்.
டெல்கர். செத்த ஆடுகளின் தோலை வாங்கி நகரத்துக்கு ஏற்றிப்போகும் லாரிக்காரி. இவள் மட்டும் மனுஷி.
நான். எனக்கு யாரும் தேநீர் ஊற்றவில்லை.

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சட்டப் படிப்பைப் பாதியில் விட்டேன். இப்போது மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தரில் ஒரு கொதிகலனுக்கு இரவு முழுக்க நிலக்கரி அள்ளிப் போடுகிறேன். ஒரு குளிர்காலத்தில் பனி இறுகிப் புல்லை மூடி, அப்பாவின் மந்தை நின்ற இடத்திலேயே செத்தது. அதை அப்படியே எழுதினேன். படித்தவர்கள் "பாவம்" என்றார்கள். அது எனக்கு வேண்டாம். எனவே மந்தைக்காரர்களை இரத்தம் குடிப்பவர்களாக மாற்றி, எங்கள் பழக்கவழக்கங்களை அவர்களுக்குச் சட்டமாக்கினேன்.

2

சட்டங்கள்:

இரத்தம் தரையில் விழக் கூடாது. விழவிட்டவனைக் கூரைத் துவாரத்துக்கு நேர்கீழே கட்டிப்போட்டு, காலையில் மூடியை விலக்குவார்கள். வெயில் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

குதிரையின் கழுத்தில் ஒரு கையளவு குடிக்கலாம். கொல்லக் கூடாது.

உள்ளே வந்த விருந்தாளியின் மேல் பல் படக் கூடாது.

ஒரு மனிதனின் இரத்தம் எவர் வாய்க்குள் போகிறதோ, அவருக்கு அவன் பிள்ளையாகிவிடுவான்.

கடைக்குட்டிக்கே அடுப்பு, அதாவது பெற்றோரின் கூடாரம். புதிய பிள்ளை வந்தால், அது கண் விழித்ததும் முதல் கிண்ணம் ஊற்ற வேண்டும்; அதற்குமுன் முந்தைய கடைக்குட்டி தன் பங்கு மந்தையோடு வெளியேற வேண்டும்.

(இவர்கள் சாவதற்கு இரண்டே வழிகள், வெயிலும் தாகமும். லுப்சன் இருநூறு வருடமாகக் கடைக்குட்டி. இது சிரிப்பாக வரும் என்றுதான் எழுதினேன்.)

3

"பனிப்புயல் ஊளையிட, நூற்றாண்டுகளின் பசி அந்தக் கூடாரத்தில்..." அடித்துவிட்டேன். கொதிகலன் அறையில் இருப்பவனுக்கு இப்படித்தான் வரும்.

நண்பகல். வெளியே கண் கூசும் வெள்ளை. உள்ளே கூரைத் துவாரம் மூடிக் கிடக்கிறது. குதிரைகள் செத்து உறைந்துவிட்டன. யஞ்ஜிமாவின் உதடு மரப்பட்டை போல வெடித்திருக்கிறது. இன்றைய பொழுதைத் தாண்டமாட்டாள்.

"நாயைப் பிடிங்க!" என்று வெளியிலிருந்து குரல்.

"பிடிக்க நாய் இல்ல. வா," என்றான் லுப்சன், கதவுக்குப் பின்னால் வெளிச்சம் படாமல் ஒதுங்கிக்கொண்டு.

டெல்கர் உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். "நாயும் போச்சா? என் வண்டியப் பாத்தாலே இப்ப ஆடுங்க தானாப் படுத்துக்குது தம்பி. இன்னிக்கு வண்டியே படுத்துடுச்சு." யஞ்ஜிமாவைப் பார்த்தாள். "அக்காவுக்கு என்ன?"

"தாகம்."

"தேநீர் குடு."

"குடிக்க மாட்டாங்க."

"அப்ப கறி தின்னட்டும். நான் மட்டும் தின்னா நல்லா இருக்காது." பையிலிருந்து உறைந்த கறித்துண்டை எடுத்து, உள்ளங்கையில் வைத்துக் கத்தியால் அழுத்தினாள். விரல்கள் மரத்துப்போயிருந்தன. கத்தி கறியைத் தாண்டி இறங்கியது அவளுக்குத் தெரியவில்லை.

லுப்சனுக்குத் தெரிந்தது. மணிக்கட்டு வழியாக இரத்தம் வழிந்து, சொட்டத் தயாராக நின்றது. அவன் குனிந்து, அவள் மேல் படாமல், கீழே தன் கையை ஏந்தினான்.

4

இங்கே நாள்கணக்கில் நின்றேன். கைக்குழி நிறைந்துவிட்டது. அவன் என்ன செய்வான்?

அ) கையை விலக்குகிறான். இரத்தம் தரையில் விழுகிறது. கூரைத் துவாரம், வெயில், சாவு. தாயும் சாகிறாள்.

ஆ) தானே குடிக்கிறான். டெல்கர் அவனுடைய பிள்ளை ஆகிறாள். தாய் சாகிறாள். அடுப்பு மட்டும்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. இதைச் செய்யக்கூடியவன்தான் லுப்சன். அவனை நான் நல்லவனாக எழுதவில்லை.)

இ) தாயின் வாயில் ஊற்றுகிறான். தாய் பிழைக்கிறாள். டெல்கர் தாயின் கடைசிப் பிள்ளை.

ஊற்றினான்.

5

யஞ்ஜிமா எழுந்து உட்கார்ந்தாள். டெல்கர் மயங்கி விழுந்து, விழித்தாள். கண்கள் மாறியிருந்தன.

"ஏன்டா எனக்கு ஊத்துன?" என்றாள் யஞ்ஜிமா.

"வேற யாருக்கு ஊத்துறது."

"சட்டம் தெரியுமில்ல?"

"தெரியும்மா. பொழுது சாயட்டும், போறேன்."

"பொழுது சாயட்டும்னு சட்டத்துல இல்ல."

அவள் சொன்னது உண்மை. அந்தச் சட்டத்தை எழுதியபோது, இரவில், நிறைய குதிரைகளோடு கிளம்பும் ஒருவன்தான் என் மனதில் இருந்தான். "பொழுது சாய்ந்தபின்" என்று சேர்க்கத் தோன்றவில்லை. இப்போது சேர்க்கலாம். பேனா என் கையில்தான் இருக்கிறது.

சேர்க்கவில்லை. அப்பா மந்தையை இழந்து, கடனைத் தள்ளிவைக்கக் கேட்டு நின்றபோது, எங்களுக்காக யாரும் எதிலும் இரண்டு சொல் சேர்க்கவில்லை. சட்டம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். உங்களுக்கு வேறு மாதிரி தெரிந்திருந்தால் அந்த இரண்டு சொல்லை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மேலே, இரண்டாம் பகுதியில் இடம் இருக்கிறது. ஆனால் சீக்கிரம்.

"எனக்கு என்ன ஆச்சு?" என்றாள் டெல்கர். "ஏன் இப்படித் தொண்டை எரியுது?"

யஞ்ஜிமா கிண்ணத்தை எடுத்தாள். ஊற்றவில்லை. மகனைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"என் பங்கு மந்தை எங்கம்மா?" என்றான் லுப்சன், தொப்பியைக் கட்டிக்கொண்டே.

"வெளிய கிடக்கு. உறைஞ்சு."

"பரவால்ல. ஓடிப்போகாது."

அவன் கதவைத் திறந்தான். பனியின் வெள்ளை உள்ளே பாய்ந்தது. டெல்கர் அலறி முகத்தை மூடினாள். அவன் வழக்கப்படி வாசற்கட்டையை மிதிக்காமல் தாண்டினான்.

நகரத்து ஓரத்தில், திருட்டுக்குப் பயந்து வாழ்ந்தவள் டெல்கர். நான் எழுதுவதற்கு முன்பே, கண்ணை மூடியபடி தடவிப் போய்க் கதவை இழுத்துச் சாத்தி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டாள்.