எதிரணியில் யார்?

படபடவென்று பேசுவதால் அலுவலகத்தில் அவளுக்குக் குருவி என்று பெயர். வீடியோ கேம்களை வெளிவரும் முன்பே ஆடிப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று ஓர் இணையதளத்துக்கு எழுதுவது அவள் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தாள்.

அந்தப் புதன்கிழமை, ராணுவத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டு ஒன்றை ஆடிப் பார்க்க, அதை உருவாக்கிய நிறுவனம் அழைத்திருந்தது. அணிக்கு முப்பத்திரண்டு பேர், ஆக அறுபத்துநான்கு நிஜ ஆட்கள் ஒரே களத்தில் மோதுவார்கள் என்பதுதான் அதன் பெரிய விளம்பரம். கூடத்தில் முப்பத்திரண்டு கணினிகள், முப்பத்திரண்டு நிருபர்கள். எதிரணி தங்களின் இன்னொரு அலுவலகத்திலிருந்து ஆடுவதாக விளம்பர அதிகாரி வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்.

முதல் அரைமணி நேரம் குருவிக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. கையில் இருப்பது வெறும் மவுஸ்தான் என்றாலும் துப்பாக்கியின் கனம் தெரிந்தது. இடிந்த சுவர் ஆட்டம் முடியும்வரை இடிந்தே கிடந்தது. குறிப்பேட்டில் 'அருமை' என்று எழுதி அடிக்கோடும் போட்டாள்.

பிறகுதான் உறுத்தியது. பாலத்தடியில் பதுங்கியிருந்தபோது ஓர் எதிரி படிக்கட்டில் இறங்கி வந்தான். சுட்டாள். அடுத்தவனும் அதே படியில் நின்று, அதே மாதிரி தலையைத் திருப்பினான். மூன்றாவது ஆளும் அப்படியே. அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு ஜீப்பை ஓட்டிவந்து படிக்கட்டின் அடியில் குறுக்கே நிறுத்தினாள். வந்த ஐந்து பேரும் ஜீப்பில் முட்டி, நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருந்தார்கள்.

அதிகாரியைக் கூப்பிட்டாள். "எதிர்ப்பக்கம் ஆடுறது யாருங்க?"

"சொன்னேனே மேடம், எங்க ஆபீஸ் ஆளுங்க."

"அவங்கள்ல ஒருத்தர்கிட்ட மைக்ல பேசணும்."

"மைக்ல கொஞ்சம் பிரச்சினை."

"அப்ப போன் போட்டுக் குடுங்க."

"டீ சாப்பிட்டீங்களா மேடம்?" என்று கேட்டுவிட்டு அவள் நழுவினாள்.

நல்லதை நல்லதென்றும், எதிரணியில் இருந்தவை கணினி இயக்கிய பொம்மைகள் என்றும், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றும் குருவி அன்று மாலையே எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் மதியம் அக்கா கூப்பிட்டாள். பல் டாக்டர், துப்பாக்கி விளையாட்டென்றால் உயிர். "அடியே, நீ எழுதினதைப் படிச்சிட்டு எங்க கிளினிக்ல நாலு பேரும் புக் பண்ணிட்டோம்!"

"படிச்சிட்டா புக் பண்ணீங்க?"

"பின்னே? 'எதிரே நிற்பவர்கள் ரத்தமும் சதையுமான வீரர்கள்'னு நீதானே எழுதியிருக்க?"

குருவி பக்கத்தைத் திறந்து பார்த்தாள். அவள் பெயர் இருந்தது, படம் இருந்தது, 'அருமை' இருந்தது. ஜீப் இல்லை. காதெல்லாம் சூடேறியது. நேராக ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"நான் எழுதினது எங்க சார்?"

"நீளமா இருந்துச்சும்மா. கொஞ்சம் சுருக்கினேன்."

"சுருக்கினா சின்னதாகும். இது தலைகீழா ஆயிருக்கு."

"இன்னும் வெளிவராத சரக்கு. வெளிவர்றதுக்குள்ள சரி பண்ணிடுவாங்க. இப்பவே வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுன்னு எழுதினா நாளைக்கு நம்மளைக் கூப்பிடுவாங்களா?"

"கூப்பிடலைன்னா செத்தா போயிடுவோம்? என் பேரைப் பார்த்து என் சொந்த அக்காவே ஏமாந்திருக்கா."

"சரி, உன் பேரை எடுத்துடறேன். 'நம் நிருபர்'னு போட்டுக்கலாம்."

படபடக்கும் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. "பொய்யை எடுக்க மாட்டீங்க. என் பேரை எடுப்பீங்க."

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அக்காவின் கிளினிக்கில், காலியாக இருந்த நோயாளி நாற்காலியில் சாய்ந்து, அசல் கட்டுரையைத் தன் சொந்த இணையப் பக்கத்தில் ஏற்றினாள். அக்கா எட்டிப் பார்த்தாள். "கோபத்துல எதையும் செய்யாதடி. பல்லைக் கடிச்சா பல்லுதான் தேயும்."

"எழுதினது நேத்து, நிதானமாத்தான். போடறது மட்டும்தான் கோபத்துலக்கா."

அந்த விளையாட்டுக்காகக் காத்திருந்த ரசிகர்களிடமிருந்து வசை கொட்டியது. போட்டி நிறுவனத்திடம் காசுக்குக் கை நீட்டியவள் என்றார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கூடத்தில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய நிருபர், 'நானும் கவனித்தேன், எதற்கு வம்பென்று விட்டுவிட்டேன்' என்று தனியாகச் செய்தி அனுப்பினார். அதைப் படித்தபோதுதான் போனைச் சுவரில் எறியலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை நிறுவனம் இரண்டு வரி அறிக்கை விட்டது: சோதனை ஆட்டத்தில் எதிரணியைக் கணினியே இயக்கியது, வருந்துகிறோம். அக்காவும் கூட்டாளிகளும் முன்பதிவை ரத்து செய்தார்கள். ஆசிரியரோ அந்த அறிக்கையைத் தாங்களே துப்பறிந்ததுபோல முதல் செய்தியாகப் போட்டார்.

திங்கட்கிழமை அவர் ஆறு முறை கூப்பிட்டார். ஏழாவது முறை எடுத்தாள்.

"விளையாட்டு முழுசா வெளிவரும்போது நீதான் எழுதணும்மா. வாசகர்கள் உன்னைத்தான் கேக்கறாங்க."

"முதல்ல நான் எழுதினதை எழுதினபடி போடுங்க. எதுக்கு மாத்தினீங்கன்னு கீழே உங்க பேர்ல ரெண்டு வரி எழுதுங்க."

"அது கொஞ்சம்..."

அவர் முடிக்கும்வரை அவள் காத்திருக்கவில்லை. இன்றுவரை அந்த இரண்டு வரி வரவில்லை. அவளும் அந்த அலுவலகத்துப் படியை மிதிக்கவில்லை.