இலுப்பைக்கு ஒரு பின்வடம்

காற்றில் சாய்ந்த இலுப்பை, கிளை கழித்த வெறும் தண்டாகப் பஞ்சலிங்கத்தாரின் வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் கிடந்தது. நீர்வேலி அம்மன் கோயிலுக்குப் புதுத் தேர் கட்டுகிறார்கள். அச்சுக்கு அந்தத் தண்டு முழுதாக வேண்டும். தெருவுக்கு வர இருந்ததோ ஒரே பாதை. குலை தள்ளிய வாழைகளுக்கு நடுவே போய், கிணற்றடியில் சட்டென்று திரும்பும் பாதை.

"கோயில் வேலை எண்டபடியால் விடுறன்," என்றிருந்தார் பஞ்சலிங்கத்தார். "ஒரு வாழை சரிஞ்சாலும் உடனை நிப்பாட்டிப்போடுவன். பிறகு மரத்தை மூண்டாய் அரிஞ்சு தோளிலை தூக்குங்கோ."

மூன்றாக அரிந்த மரம் அச்சுக்கு உதவாது.

இழுக்கிற பொறுப்பு கோபிகாவினுடையது. ஊரில் கூலிக்கு உழுகிற உழவு இயந்திரம் அவளுடையது. அதன் பின்னால் பூட்டி மரம் இழுக்கும் விஞ்ச் இரண்டை, குருநகரில் வள்ளங்களைக் கரைக்கு இழுத்துக் கொடுக்கும் எமில்ராஜ் லொறியில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். இரண்டும் ஒரே சாதிதான்: இரும்புச் சட்டம், அதற்குள் உருளை, உருளையில் சுற்றிய கம்பி. ஒன்று பெரிது, ஒன்று சிறிது.

"பெரிசைப் பூட்டு பிள்ளை," என்றார்கள் கூடி நின்ற எல்லோரும்.

கோபிகாவுக்கு ஒரு கேள்வி இருந்தது. மரம் அசைய மாட்டேன் என்றால் வேறு எது அசையும்? பெரியதைப் பூட்டி, கம்பி நுனியின் கொழுக்கியைத் தெருவோரப் பனையில் மாட்டி, மெல்ல இழுத்துப் பார்த்தாள். பனை நின்றபடி நின்றது. இயந்திரத்தின் முன்சில்லுகள்தான் நிலத்தை விட்டுக் கிளம்பின.

"பனை எங்களை இழுக்குது, தங்கச்சி," என்றான் எமில்ராஜ்.

"விஞ்சுக்கு எட்டுத் தொன் பெலன் இருக்கு அண்ணை. என்ரை ட்ரக்டருக்கு இல்லையே."

சிறியதைப் பூட்டினார்கள். அதன் பெலத்துக்குத் தண்டு வழுக்கிக்கொண்டு வர வேண்டும். குலை வெட்டி விழுத்திய வாழைத்தண்டுகள் தோட்டத்து மூலையில் அழுகக் கிடந்தன. கோபிகா ஒன்றை மிதித்துப் பார்த்தாள், கால் சறுக்கியது. அவற்றைப் பாதை நெடுகக் குறுக்கே போடச் சொன்னாள். கிணற்றடித் திருப்பத்தில் நின்ற இன்னொரு பனையில் ஒரு கப்பியைக் கட்டி, தெருவில் நிறுத்திய இயந்திரத்திலிருந்து கம்பியை அதன் வழியே மடக்கிக் கொண்டுபோய்த் தண்டில் மாட்டினாள்.

தேங்காய் உடைந்தது. கம்பி விறைத்தது. அடுத்த கணம், நின்ற சனமெல்லாம் "அரோகரா" என்று ஓடிவந்து கம்பியில் கை வைத்தது.

கோபிகா விஞ்சை நிறுத்தினாள்.

"கையை எடுங்கோ. கம்பி அறுந்தால் ஆளையே வெட்டிப்போடும்."

"தேருக்குப் போற மரம். கை வைக்காமல் நிண்டு பாக்கச் சொல்லுறியோ?" என்றார் பஞ்சலிங்கத்தார்.

முணுமுணுத்துக்கொண்டே விலகினார்கள். தண்டு வாழைச்சாற்றில் வழுக்கி, பெரிய முதலையைப் போல நகர்ந்து கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. கோபிகா கம்பியைக் கப்பியிலிருந்து கழற்றித் தெருப்பக்கம் நேராக விட்டு, மறுபடி இழுத்தாள். தண்டின் தலை திரும்பியது. வால் மூலையை வெட்டிக்கொண்டு உட்பக்க வாழைகளை நோக்கிச் சாய்ந்தது.

"நிப்பாட்டு," என்றார் பஞ்சலிங்கத்தார். முதல் வாழைக்கும் தண்டுக்கும் இடையே ஒரு முழங்கூட இல்லை. மரம் அரியக் காத்திருந்த செயின்சோக்காரன் எழுந்து நின்றான்.

கோபிகா இறங்கி வந்து வாலைப் பார்த்தாள். பிறகு சும்மா நிற்கும் அத்தனை கைகளையும் பார்த்தாள்.

"தேர் வீதி மூலையிலை திரும்பேக்கை என்ன செய்யிறனீங்கள்?"

"சில்லுக்குக் கட்டை குடுப்பம்," என்றார் வருடாவருடம் அந்த வேலை செய்யும் சண்முகநாதன். "முன்னுக்கு இழுக்கிறவை இழுக்க, பின்னுக்கு நாங்கள் விடமாட்டம்."

"அப்ப கோயிலிலை இருந்து தேர்வடத்தை எடுத்து வாங்கோ."

தேர்வடத்தை வாலில் கட்டி, கிணற்றுக்கு அப்பால், கம்பி அறுந்தாலும் எட்டாத இடத்தில் எல்லோரையும் நிறுத்தினாள். "இழுக்க வேண்டாம். பிடிச்சபடி நில்லுங்கோ. நான் கை காட்டினால் ஒரு சாண் விடுங்கோ."

வடத்தைப் பிடித்துவிட்டு இழுக்காமல் நிற்பது அவர்களுக்குப் பழக்கமில்லாதது. முதல் தரம் இழுத்தே விட்டார்கள், சண்முகநாதன் திட்டினார். இரண்டாம் தரம் குதியை மண்ணில் ஊன்றி நின்றார்கள். சண்முகநாதன் வாலின் உட்பக்கம் கட்டையை வைத்துவிட்டு விலகினார். விஞ்ச் முன்னே இழுக்க, வடம் பின்னே பிடிக்க, தண்டு இருந்த இடத்திலேயே மெல்லத் திரும்பி, நேராகித் தெருவைப் பார்த்தது. அப்போதுதான் யாரோ அரோகரா சொன்னார்கள்.

மரம் முழுதாகத் தெருவுக்கு வந்தது. பஞ்சலிங்கத்தார் வாழை வாழையாகப் பார்த்துக்கொண்டு போய், மூலையில் நின்றார். ஒரு இலை கிழிந்து தொங்கியது. அவர் மடியிலிருந்து கத்தியை எடுத்து இலையை வெட்டினார்.

"சோத்துக்கு எப்பிடியும் வெட்டிறதுதானே. எல்லாரும் இருந்து சாப்பிட்டுப் போங்கோ."

எமில்ராஜ் லொறியடியில் தலையைச் சொறிந்தான். "அப்ப இந்தப் பெரிசை நான் என்ன செய்ய, தங்கச்சி?"

"வள்ளம் இழுங்கோ அண்ணை. சின்னன் இஞ்சை நிக்கட்டும்."