கடைசியில் நடப்பவன்

என் வீட்டுக்காரருக்கு மண்ணாங்கட்டி என்று பேர். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன். முன்னால் பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், இதையாவது எமன் வேண்டாமென்று விட்டுப் போகட்டும் என்று என் மாமியார் வைத்த பேர். அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டுதான் சுப்புராயன் ஆரம்பித்தான்.

சுப்புராயன் எங்கள் குப்பத்து நாட்டார். அவன் சொன்னால் ஊர் கேட்கும். எண்ணூர் உப்பங்கழிக்கு இந்தப் பக்கம், கடலுக்கும் சவுக்கு மேட்டுக்கும் நடுவே எங்கள் குப்பம். உலகச் சண்டை முடிந்த மறு வருஷக் கோடையில் பக்கத்துக் குப்பத்தில் வாந்திபேதி புகுந்தது. அங்கே பாடை கட்ட மூங்கில் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டோம்.

அந்த மாதிரி சமயத்தில் நாங்கள் எல்லை கட்டுவோம். ஒரு ஆள் வேப்பிலை செருகிய சட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு, கரையில் கிளம்பி, கடைத்தெரு வழியாகச் சவுக்கு மேடு ஏறி, கழி ஓரமாக இறங்கி, கிளம்பின இடத்துக்கே வரவேண்டும். பேதியாக வருகிற ஆத்தா அந்த வட்டத்துக்கு வெளியே நின்றுவிடுவாள். சட்டி தூக்குகிறவன்தான் கடைசியில் நடப்பான். இறக்கி வைக்கும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது. முன்னால் போகிறவர்கள் திரும்பி அவனைப் பார்க்கக் கூடாது. வட்டம் மூடிவிட்டால் மூன்று நாளைக்கு யாரும் வெளியே கால் வைக்கக் கூடாது.

"மண்ணாங்கட்டி தூக்கட்டும். எமனே வாணாம்னு வுட்டுட்டுப் போன ஆளாச்சே," என்றான் சுப்புராயன். ஊரே சிரித்தது. இவரும் சேர்ந்து பல்லைக் காட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் நாட்டாரே, உன் தலையில சட்டி நிக்காதா?"

"நாட்டார் முன்னால போவணும்மே. அதான் மொறை."

முந்தின நாள்தான் இவர் அந்தப் பக்கத்துக் குப்பத்தில் செத்துப்போன தோஸ்து ஒருத்தரைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த வீட்டுத் தண்ணீரையும் குடித்துவிட்டு வந்திருந்தார். ஊருக்கே தெரியும். கடலில் தலை முழுகியாயிற்று, தீட்டுப் போயிற்று, அப்புறம் என்ன என்று விட்டுவிட்டார்கள்.

உச்சி வெயிலில் கிளம்பினோம். மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டு இவருக்கு நேர் முன்னால் நான். கடைத்தெருவில் சண்முகவேல் நாடார் கடைப் பலகையை இழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தெருவில் ஒரு குஞ்சு இல்லை. எப்போதோ திருக்கை மீன் முள் ஏறின காலை இவர் இழுத்து இழுத்து வைக்கிற சத்தம் மட்டும் என் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. அது போதும் எனக்கு.

சவுக்கு மேடு ஏறினதும் அந்தச் சத்தம் போய்விட்டது. அங்கே மணலும் சருகும் மெத்தை மாதிரி கிடக்கும், காலடி கேட்காது. காற்று இல்லாத நேரத்திலும் தோப்பு இரைந்துகொண்டே இருந்தது. வருகிறாரா, நின்றுவிட்டாரா, தெரியவில்லை. கொஞ்ச தூரத்தில், குமட்டுகிற சத்தம் கேட்டது.

திரும்பினேன். என்னால் முடியவில்லை, திரும்பிவிட்டேன்.

குந்தியிருந்தார். மார்பெல்லாம் கஞ்சித் தண்ணி மாதிரி வழிந்திருந்தது. கண் உள்ளே போயிருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்த சட்டி மட்டும் ஆடவில்லை.

"யோவ், எறக்கி வெய்யா! வாயத் தொறந்து சொல்லுய்யா!"

உதட்டை இறுக்கிக்கொண்டு, நட என்று கண்ணால் காட்டினார். முன்னாலிருந்து சுப்புராயன் திரும்பாமலே கத்தினான்: "எவனும் திரும்பாதீங்க! நேரா நடங்க! இன்னும் கொஞ்சம்தான் கீது!" ஒருத்தரும் திரும்பவில்லை. நான் சட்டியைப் பிடுங்கப் போனேன், இவர் என் கையைத் தட்டிவிட்டார். பேரைச் சொல்லிச் சிரித்த ஊர், இவரை நம்பி நடந்த ஒரே நாள் அது. அதை விட்டுவிட மனசு வரவில்லை அந்த மனுஷனுக்கு.

கழியோரத்தில் இரண்டு முறை விழுந்து எழுந்தார். கரையில் சட்டியை இறக்கி, முறைப்படி, "ஆத்தா போய்ட்டா," என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். இவர் அப்படியே மணலில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரி திருவொற்றியூரில். சவுக்குக் கட்டை ஏற்றுகிற ஹபீபுல்லா மாட்டு வண்டியோடு எல்லைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். நான் இவரை இழுத்துக்கொண்டு போக, சுப்புராயன் துடுப்பை நீட்டி மறித்தான்.

"கட்டுன எல்லைய அறுக்காதமே. ஊர் அழிஞ்சிடும்."

"அழியட்டுமே! நாசமாப் போங்களேன்!"

ஹபீபுல்லா இறங்கி வந்து, துடுப்பை ஒதுக்கிவிட்டு, இவரைக் குழந்தை மாதிரி தூக்கிப் போனார். வண்டியில் இவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"எல்லை சரியா முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுய்யா."

திருவொற்றியூர் வருவதற்கு முன்னாலேயே உடம்பு சில்லிட்டுவிட்டது.

அந்தக் கோடையில் எங்கள் குப்பத்தில் வேறு ஒரு உயிரும் போகவில்லை. எல்லையை அறுத்தவள் என்று என்னைத் துரத்துவார்கள் என்று நினைத்தேன். காலில் விழுந்தார்கள். மண்ணாங்கட்டி ஆத்தாவைத் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டான் என்று பேசினார்கள். சுப்புராயன் எனக்குப் புதுப் புடவை எடுத்து வந்தான். அடுப்பில் போட்டேன்.

இந்தக் கோடையில் பக்கத்துக் குப்பத்தில் மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. நேற்று ஊரே என் வாசலில் வந்து நின்றது. என் தம்பி சின்னப்பையன் உள்ளே படுத்து இருமிக்கொண்டிருந்தான்.

"சின்னப்பையன் தூக்கட்டும் பூவம்மா," என்றான் சுப்புராயன். "உங்க குடும்பத்துக்குத்தான் ஆத்தா எறங்குறா. அவன் எப்பிடியும் சீக்காளி."

அடப்பாவி. இப்போது அவர்களுக்குத் தூக்கிப் போகிறவன் மட்டும் போதாது, திரும்பி வராதவன் வேண்டும். நான் கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம்.

"நீ தூக்கு நாட்டாரே."

"நாட்டார் முன்னால..."

"எவ்ளோ பெரிய ஆளு போறானோ அவ்ளோ தூரம் ஆத்தா போவா. இன்னா சொல்றீங்க?" என்று ஊரைக் கேட்டேன்.

ஒவ்வொருத்தராக என்னை விட்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். யாரோ சட்டியைக் கொண்டுவந்து அவன் காலடியில் வைத்தார்கள்.

"மஞ்சத் தண்ணி நான் புடிக்கிறேன். உனக்கு நேர் முன்னால நான்தான் நடப்பேன்," என்றேன். "பயப்படாத நாட்டாரே. இந்த வாட்டி திரும்பிப் பாக்க மாட்டேன்."