பத்தியில் உள்ளபடி

என் ஆங்கிலம் எப்படி இருக்கிறது என்று சோதித்துப் பார்க்கக் கல்லூரிக்காரர்கள் ஆசைப்பட்டபோது எனக்கு நாற்பத்தேழு வயது. அந்த நாற்பத்தேழு வருடமும் நான் பேசியது ஆங்கிலம் மட்டும்தான். மினசோட்டாவின் வடக்கே ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு பாஷை எங்கிருந்து வரும்? என் அம்மா என்னைத் திட்டியது அதில்தான். ஆர்னி என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டதும் அதில்தான், நான் புரிந்துகொண்டு சரி என்றேன். ஆனால் செவிலியர் படிப்பில் சேர அதெல்லாம் செல்லாது. சொல்லறிவு, வாசித்துப் புரிதல் என்று இரண்டு பகுதி உள்ள ஒரு பரீட்சையில் நூற்றுக்கு எழுபத்தைந்து எடுத்தாக வேண்டும்.

முதல் தடவை எழுபத்தொன்று வாங்கினேன். இரண்டாம் தடவை எழுபத்துமூன்று. மூன்றாவது தடவையும் தோற்றால் மூன்று வருடத்துக்கு அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பது கல்லூரி விதி. ஐம்பது வயதில் ஒருத்தி திரும்பி வந்து பெஞ்சில் உட்காருவாள் என்று நம்புகிற அவர்களுடைய நல்ல மனசை நான் பாராட்டத்தான் வேண்டும்.

நான் பதினாறு வருடமாக ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராக இருக்கிறேன். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது எல்லாம் என் வேலை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று தோன்றினால் நர்ஸிடம் சொல்வேன். நர்ஸுக்குத் தோன்றினால் டாக்டரிடம் சொல்வாள். தோன்றாவிட்டால் அதோடு சரி. எங்கள் பகல் நேர நர்ஸ் ப்ரின்னுக்கு இருபத்துநாலு வயது. கெட்ட பெண் என்று சொல்ல மாட்டேன். அதே பரீட்சையில் அவள் தொண்ணூற்றாறு வாங்கினாளாம், அதைத் தன் ரத்த வகையைச் சொல்வதுபோல யாரும் கேட்காமலே சொல்வாள். நான் சொன்னதை ஒரு டாக்டர் நேராகக் கேட்க வேண்டும், நடுவில் ஒரு ப்ரின் வேண்டாம். நான் நர்ஸாக ஆசைப்பட்டதற்கு அவ்வளவுதான் காரணம்.

நான் ஏன் தோற்றேன் என்பதைக் கண்டுபிடித்தவன் ஆர்னி. என் புருஷன், எங்கள் மாவட்டச் சாலைகளில் பனி அள்ளும் வண்டி ஓட்டுகிறவன். ஏப்ரலில் பனி தீர்ந்ததும் அள்ள வேறு எதுவும் இல்லாமல் என்னைப் பிடித்துக்கொண்டான். வாழ்க்கையில் அவன் கடைசிப் பக்கம்வரை வாசித்த ஒரே புத்தகம் அந்த வண்டியின் கையேடு. ஆனால் என் பயிற்சித் தாள்களைப் பத்து நிமிடம் புரட்டிவிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டான். தேனீக்களைப் பற்றிய பத்தியில் எனக்கு எல்லாமே சரி. சட்டைப் பொத்தானின் வரலாற்றில் எல்லாமே சரி. முதியோரைப் பற்றி, நோயாளிகளைப் பற்றி, அதாவது எனக்குத் தெரிந்ததைப் பற்றிப் பத்தி வந்தால் மட்டும் வரிசையாகத் தப்பு.

காரணம், நான் அந்தப் பத்திகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். "வயதானவர்கள் மதிய வேளையில் அமைதியையே விரும்புவார்கள்" என்று ஒரு பத்தி. இதை எழுதியவர் வயதானவர்களைப் படத்தில்தான் பார்த்திருக்க வேண்டும். அவர்கள் எதை விரும்புவார்கள் என்ற கேள்விக்கு நான் "மேற்கண்ட எதுவுமில்லை" என்று குறித்திருந்தேன். ஓரத்தில் காரணமும் எழுதியிருந்தேன், அதற்கு யாரும் மதிப்பெண் தருவதாக இல்லை.

"உனக்குத் தெரிஞ்சதை எவன் கேட்டான் வெர்னா? அதுல என்ன போட்டிருக்கோ அதைச் சொல்லு," என்றான் ஆர்னி.

"அதுல போட்டிருக்கறது தப்பு."

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டும். நிலா பச்சைன்னு போட்டிருக்கான். நிலா என்ன கலர்?"

நான் பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு பச்சை என்றேன்.

"அப்பாடா. பாதி நர்ஸ் ஆயிட்ட."

அன்றிலிருந்து ஐந்து வாரம் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மறக்கிற பயிற்சி நடந்தது. கேள்வியை முதலில் படி, பத்தியை அப்புறம் படி, உன் மூளையை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா. படுக்கைப்புண் எப்படி வருகிறது என்று நான் வாயைத் திறந்தால் ஆர்னி பென்சிலால் மேசையைத் தட்டுவான். மே மாதம் பிறந்தபோது, பத்தி சொன்னால் எதையும் ஒப்புக்கொள்கிற அளவுக்கு நான் தேறிவிட்டேன்.

சொல்லறிவுக்கு அட்டைகள். குளிர்பெட்டிக் கதவில், காப்பி டப்பாவில், கழிவறைச் சுவரில் என்று எங்கே திரும்பினாலும் ஒரு சொல் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். வியர்த்துக் கொட்டினால் அதற்குப் பெயர் டயஃபோரெடிக். மூச்சு வாங்கினால் டிஸ்னியா. கூப்பிட்டால் ஏனென்று கேட்காமல் சோர்ந்து கிடந்தால் லெத்தார்ஜிக். பதினாறு வருடம் இவற்றையெல்லாம் துடைத்தும் தூக்கியும் வந்திருக்கிறேன், இவை இவ்வளவு கௌரவமான சங்கதிகள் என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

பரீட்சை ஒரு புதன்கிழமை காலை. கணினியில் கடைசிப் பொத்தானை அழுத்தியதும் மதிப்பெண் வந்துவிடும். எண்பத்தாறு. ஆர்னி வண்டி நிறுத்துமிடத்திலேயே அழுதான், பிறகு காற்றில் வரும் பூ மகரந்தம் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றான். இனி ஒன்றுதான் பாக்கி. வேலை பார்க்கும் இடத்தின் தலைமை நர்ஸ் ஒரு பரிந்துரைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அது அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் தலைமை நர்ஸ் மார்லிஸ், அதற்கென்ன, திங்கட்கிழமை கொண்டு வா என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் ஆறாம் அறையில் நூட்சனுக்குச் சாப்பாடு கொடுத்தேன். நூட்சன் எண்பத்தொன்பது வயதுக்காரர், ஒரு காலத்தில் துறைமுகத்தில் இரும்புத் தாது ஏற்றியவர். தினமும் குழம்பை முகர்ந்து பார்த்து, இதைச் சமைத்தவனைக் கப்பலில் ஏற்றி அனுப்ப வேண்டும் என்பார். நான் எந்தக் கப்பல் என்று கேட்பேன், அவர் ஒரு பெயர் சொல்வார், அதற்கப்புறம்தான் சாப்பிடுவார். அன்றைக்கு இரண்டு வாய் வாங்கிக்கொண்டு, கண்ணை மூடி, நன்றி என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. சுரம் பார்த்தேன், இல்லை. இந்த வயதில் உடம்புக்குச் சுரத்தை வரவழைக்கவும் தெம்பு வேண்டும். அவர் போர்வைமேல் கையை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணினேன். முப்பது. இருபதைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் இல்லத்தில் எல்லாரும் நிமிடத்துக்குப் பதினெட்டு முறைதான் மூச்சு விடுவார்கள். ஆண், பெண், இருமுகிறவர், ஓடியாடுகிறவர் என்ற பேதமே கிடையாது. நாற்பத்திரண்டு பேருக்கும் காலையில் பதினெட்டு, மாலையில் பதினெட்டு. மூச்சை எண்ண ஒரு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும், அந்த ஒரு நிமிடம் எங்களில் யாரிடமும் இருப்பதில்லை. பிப்ரவரியில் திருமதி ஓல்சன் செத்துப்போய் அரை மணி நேரம் கழித்தும் பதினெட்டு முறை மூச்சு விட்டதாகப் பதிவு இருக்கிறது. நானும் யோக்கியம் இல்லை. ஆயிரம் தடவையாவது பதினெட்டு என்று என் கையால் எழுதியிருப்பேன்.

ப்ரின்னிடம் போய் நூட்சன் சரியில்லை என்றேன்.

அவள் திரையைப் பார்த்தாள். "காலைல நான்தான் பார்த்தேன். மூச்சு பதினெட்டு, ஜுரம் இல்ல. என்ன சரியில்ல?"

"நன்றி சொன்னாரு."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நான் எண்ணியபோது முப்பது இருந்தது என்றேன். எண்ணிக்கை தவறியிருக்கும், பதிவில் பதினெட்டு என்று இருக்கிறதே என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, அடுத்த நொடியே அவளை நன்றாகப் புரிந்தும் போனது. இவளுக்குப் பத்திதான் முக்கியம். பத்தியில் இல்லாத நோய் ஆளிடம் இருக்க முடியாது. தொண்ணூற்றாறு சும்மா வந்ததில்லை.

சரி, இவளுக்கு ஒரு பத்தி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று அடுத்த கணினியில் உட்கார்ந்தேன். உதவியாளர் குறிப்பு என்ற இடத்தில் நாங்கள் வழக்கமாக எழுதுவது "சாப்பிட்டார்", "குளித்தார்" என்பதுதான். நான் என் வீட்டுக் கழிவறைச் சுவர் முழுவதையும் அங்கே இறக்கினேன். நூட்சன் லெத்தார்ஜிக். டயஃபோரெடிக். டிஸ்னியா உள்ளது. மூச்சு முப்பது, முழு நிமிடம் எண்ணப்பட்டது. ஒன்று பத்துக்கு நர்ஸிடம் தெரிவிக்கப்பட்டது. அழுத்திச் சேமித்துவிட்டு, படித்துப் பார் என்றேன்.

அவள் படித்தாள். உட்கார்ந்திருந்தவள் எழுந்துவிட்டாள். வியர்க்கிறது என்றால் ஜன்னலைத் திறந்துவிடச் சொல்வார்கள், டயஃபோரெடிக் என்றால் டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். இரண்டு நிமிடத்தில் அவள் தொலைபேசியில் என் சொற்களை அப்படியே, வரிசை மாறாமல், டாக்டருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். இருபது நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு நுரையீரலிலும் நிமோனியா. சாயங்காலம்வரை விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்று மருத்துவமனையில் அவர் மகளிடம் சொன்னார்களாம். அதைக் கேட்டபோது துணி அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை என் படிவத்தை எடுத்துக்கொண்டு மார்லிஸ் அறைக்குப் போனேன். அவர் காப்பி ஊற்றித் தந்தார். தட்டில் எலுமிச்சைக் கேக் துண்டுகள் வைத்தார். ஏரியில் இன்னும் பனிக்கட்டி மிதப்பதைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். எங்கள் பக்கத்தில் யாரையாவது கழுத்தை அறுப்பதாக இருந்தால் முதலில் இனிப்பு தருவார்கள். நான் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு காத்திருந்தேன்.

நூட்சனின் மகள் பதிவுகளின் நகல் கேட்டிருக்கிறாளாம். காலையில் பதினெட்டாக இருந்தது மதியம் எப்படி முப்பதானது, காலையில் யாராவது உண்மையிலேயே எண்ணினார்களா என்று கேட்கிறாளாம். மார்லிஸ் ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். என் படிவத்தை வாங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.

நான் கீழிருந்து ஆரம்பித்தேன். கடைசி வரியில் "மேற்கண்டதைப் படித்துப் புரிந்துகொண்டேன்" என்று இருந்தது, அதன் கீழே என் பெயருக்கு ஒரு கோடு. அதற்கு மேலே பத்தி. வியாழக்கிழமை திரு. நூட்சனின் மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டாகவே இருந்தது. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த உதவியாளர் தன் தகுதிக்கு மீறிய சொற்களைக் கையாண்டு, எண்ணிக்கையிலும் தவறிவிட்டார். அந்தக் குறிப்பை அவர் திரும்பப் பெறுகிறார். நர்ஸ் ஏற்கெனவே நோயாளியைக் கவனித்துக்கொண்டுதான் இருந்தார்.

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான் வெர்னா," என்றார் மார்லிஸ். "நீ இதுல கையெழுத்துப் போடு, நான் அதுல போடுறேன். வெள்ளிக்கிழமைதானே உனக்குக் கடைசி நாள்?"

நான் பேனாவை எடுத்துவிட்டேன், அதை மறைக்கப் போவதில்லை. ஆள் பிழைத்துவிட்டார். மருத்துவமனைச் சாப்பாட்டைக் கரித்துக்கொட்டுகிறாராம். இதில் யாருக்கு என்ன நஷ்டம்? நான் எழுதிய ஆயிரம் பதினெட்டோடு இன்னொன்று, அவ்வளவுதானே. தெரிந்ததை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பத்தியில் உள்ளதைச் சொன்னதற்குத்தான் போன புதன்கிழமை எனக்கு எண்பத்தாறு கிடைத்தது. நர்ஸ் ஆக என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் இந்தத் தாளும் கேட்டது. கல்லூரியில் அந்த இடம் எனக்கு வேண்டும்.

ஆனால் நான் அந்தக் கட்டில் பக்கத்தில் ஒரு முழு நிமிடம் நின்றவள். போர்வை ஏறி இறங்கியதை என் கை அறியும். பதினாறு வருடத்தில் நான் சொன்னதை ஒரு டாக்டர் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதையும் நானே இல்லையென்று சொல்லிவிட்டு, பிறகு யாரிடம் போய் நர்ஸ் என்று சொல்லிக்கொள்வது? இதில் போட்டால் அடுத்த ஆளும் பதினெட்டுதான், அதற்கடுத்த ஆளும் பதினெட்டுதான்.

"படிச்சிட்டியா?" என்று கேட்டார் மார்லிஸ்.

"ரெண்டு தடவை."

"புரியுதுல்ல?"

"நல்லாவே புரியுது மார்லிஸ். அதனாலதான் போடல."

அவருடைய பேனாவை அவர் பக்கம் வைத்தேன். கையெழுத்து விழாத என் படிவத்தை மேசையிலிருந்து எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.