படகு விலகும்வரை

படத்துக்குள் படகு வந்தால் எனக்குப் பிடிக்காது. பறவை இருக்கலாம், கடல் இருக்கலாம், மனுஷன் மட்டும் ஆகாது. வாரத்தில் ஆறு நாள் கைப்பேசிக் கடையில் மனுஷ முகங்களையே பார்த்து வந்த எரிச்சல் அது. ஞாயிறு ஆனால் நானும் என் மனைவி பஹீமாவும் அரசலாறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போய்விடுவோம். நான் கேமராவோடு, அவள் பறவைகளை எண்ண பைனாகுலரோடு.

அந்தத் தை மாத ஞாயிறு மாலை மணல்திட்டில் நூறு ஆலாக்களாவது இருக்கும். நம் கரையில் சூரியன் ஊர்ப் பக்கம்தான் விழுகிறது. சாயும் வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றால் அந்த வெள்ளைப் பறவைகள் பொன்னாகத் தெரியும். அந்த வெளிச்சம் கிடைப்பதே அரை மணி நேரம். அந்த நேரம் பார்த்து, வெகு தூரத்தில் ஒரு ஃபைபர் படகு பறவைகளுக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. அதில் ஒரே ஆள். துடுப்பில் சட்டையைக் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அவரு நம்மளக் கூப்புடுற மாதிரி இருக்கு," என்றாள் பஹீமா.

"பறவைய வெரட்டுறான். நீ எண்ணு."

படகு விழுந்த படங்களை அங்கேயே அழித்தேன். அது தெற்கே நகர்ந்து தொலையட்டும் என்று காத்திருந்தேன். விலகியதும் நல்ல படங்கள் கிடைத்தன. பிறகு சூரியன் இறங்குவதை எடுக்கக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

மங்கும் நேரத்தில் கேமராவைப் பையில் வைக்கும்போது ஒரு பெண் கரையோரமாக ஓடி வந்தாள். பின்னால் மூச்சிரைக்க ஒரு பெரியவர்.

"பாய், நான் தீபா, கிளிஞ்சல்மேடு. இவரு எங்க மாமனாரு. கூட்டாளிக்குக் காய்ச்சல்னு எங்க வீட்டுக்காரரு விடியக்காலம் தனியாப் போனாரு. மதியமே திரும்பியிருக்கணும். போன் எடுக்கல. ஃபைபர் போட்டு, பச்சக் கோடு. பாத்தீங்களா?"

"பாத்தேங்க. தெக்கால போச்சு."

"படம் இருக்கா?"

"இல்லைங்க, அழிச்சிட்டேன்."

"துணி கிணி ஆட்டுனாரா?"

"இல்லைங்க." என் வாய் முந்திக்கொண்டது.

தீபாவுக்கு உயிர் திரும்பியது. "மாமா, இஞ்சின் ஓடுது போல. வலையத் தேடிப் போயிருப்பாரு."

பெரியவர் போனை எடுத்தார். "பொறுங்கப்பா, தேடப் போற போட்ட இப்ப எறக்க வேணாம். பாத்தவங்க இருக்காங்க, ஆபத்து இல்லையாம்."

பஹீமா என்னைப் பார்த்தாள். நானும் இந்தக் கரையில் பிறந்தவன்தான். துடுப்பில் துணி ஏறினால் என்ன அர்த்தம் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருட்டப் போகிறது, அங்கே ஒருவன் தனியாக மிதந்துகொண்டிருக்கிறான், நான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"போட்டை எறக்கச் சொல்லுங்க!" என்று கத்தினேன். "பொய் சொல்லிட்டேன். சட்டையக் கட்டி ஆட்டுனாருங்க. நீரோட்டம் தெக்கால இழுத்துட்டுப் போச்சு. அல்லா மேல ஆணை, என் கண்ணால பாத்தேன்."

பெரியவர் போனில் அலறினார். "எறக்குங்கடா! வலை போட்ட எடத்துக்குப் போவாதீங்க. தெக்க, ஆத்து வாய்க்குத் தெக்க!"

தீபா என்னை ஏசுவாள் என்று நின்றேன். ஏசியிருந்தால் தேவலை. அவள் கடலைப் பார்த்தபடி கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆட்டுனாரு?"

"கால் மணி நேரம் இருக்கும்."

"கால் மணி நேரமா?" அவள் குரல் உடைந்தது. "தோள்பட்ட எறங்குனவரு பாய். தலைக்கு மேல கையத் தூக்கவே முடியாது அவருக்கு. விடாம ஆட்டுனாரா?"

"ஆமாங்க," என்றேன்.