விரைந்து கடக்க வேண்டிய இடம்

அஸர் தொழுகைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

ஸைனுலாப்தீன் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டு மணலில் வேகமாக நடந்தார். மனைவி றாஹிலாவும் மகன் றிம்சானும் பின்தங்கி வந்தார்கள். றிம்சானுக்கு மதீனாவில் வேலை. உம்றா யாத்திரை முடிந்த கையோடு இருவரையும் இங்கே கூட்டி வந்திருந்தான்.

பாறையைக் குடைந்த வாசல்கள், ஊர்ப்பக்கத்துக் கல்முனைக் கடைத்தெருவின் மாடிகளைவிட உயரமாக நின்றன. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுத்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நபியை மறுத்த ஸமூது கூட்டத்தார் இறைவனின் வேதனை இறங்கி அழிந்த இடம். வேதனை இறங்கிய மண்ணில் தங்கக் கூடாது, அழுதபடி விரைந்து கடக்க வேண்டும், அங்குள்ள கிணற்று நீரையும் குடிக்கக் கூடாது என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மகன் நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை.

"ஸமூது கிணத்துல அள்ளினதில்ல வாப்பா. கடையில வாங்கின போத்தல்," என்றான் றிம்சான்.

றாஹிலா சிரித்தாள். போத்தலை வாங்கிக் குடித்துவிட்டு ஒரு வாசலின் நிழலில் உட்கார்ந்தாள்.

பஸ் வரவில்லை. ஸைனுலாப்தீன் பஸ் தரிப்பிடம் வரை போனார். திரும்பி வந்தார். செருப்பில் மணல். உதறினார். மறுபடி போனார், வந்தார்.

"எழும்பு புள்ள. இது குந்தியிரிக்கிற இடமில்ல."

"அழிஞ்ச இவங்கள்ல சின்னப் புள்ளைகளும் இருந்திருக்குமே?" என்றாள் றாஹிலா.

"இருந்திருக்கும்."

"அதுகள் என்ன செஞ்சதுகள்?"

அவர் பஸ் வரும் பாதையைப் பார்த்தார். றிம்சான் போனைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த பிறகு, மருதமுனை அகதி முகாமில் ஒரு மௌலவி மார்க்கப் பயான் செய்தார். ஊரின் பாவத்துக்கு இறங்கிய வேதனை என்றார். ஸைனுலாப்தீன் முன்வரிசையில் இருந்து தலையாட்டினார். அதை றாஹிலா திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். கடல் கொண்டுபோன சின்ன மகள் ஹிமாயாவை அடக்கி ஒன்பது நாள் ஆகியிருந்தது. அடுத்த வருடம், கடல் அடித்துப்போன பழைய வீடு இருந்த அதே வளவில் அவர் வீடு கட்டினார். பயானைப் பற்றி அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பஸ் வந்து நின்றது. அவர் கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை.

"வேதனை இறங்கின இடத்துல தங்கப்படாதெண்டா, என்னை ஏன் இருபது வருஷமா அந்த வளவுல வச்சிருக்கீங்க?"